போரை முடிவு செய்தது யார்? குலசேகரன்பட்டினத்திலிருந்து 1942-ஐப் பார்ப்போம்

குலசேகரன்பட்டினம் என்றால் இன்று பலருக்கும் இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று முத்தாரம்மன் கோயில் தசரா. இன்னொன்று 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம். ஆனால் ஒரு காலத்தில் நெல்லைச் சீமை முழுக்க இந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. 1942 செப்டம்பரில், ஆகஸ்ட் போராட்டத்தின் சூட்டில், இளைஞர் கூட்டம் ஒன்று இங்கிருந்த உப்பு இலாகா இடத்தைத் தாக்கியது. லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். அதுதான் குலசேகரன்பட்டினம் சதி வழக்கு. காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை பின்னர் குறைக்கப்பட்டு அவர்கள் உயிர் தப்பினார்கள். ராஜகோபாலனுக்குக் கடைசிவரை 'தூக்குமேடை' என்ற அடைமொழி நிலைத்துவிட்டது.

இந்த வழக்கை இப்போது ஏன் எடுக்கிறோம்? காரணம் இருக்கிறது. கல்லூரிகளில், சமூக ஊடகங்களில் நம் பிள்ளைகளிடம் அடிக்கடி வீசப்படும் கேள்வி ஒன்று உண்டு. "1942-ல் ஊரே சிறைக்குப் போனபோது உங்கள் அம்பேத்கர் எங்கே இருந்தார்? வெள்ளைக்காரன் சபையில் உட்கார்ந்திருந்தாரே!" அருண் ஷோரி 1997-ல் இதையே ஒரு தடித்த புத்தகமாக எழுதினார். கேள்வி கேட்பவர் பெரும்பாலும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நம் தோழர்கள் பலரும் கோபப்படுகிறார்கள், அல்லது பேச்சை மாற்றுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. வரலாறு நமக்குப் பயப்படும்படியாக ஒன்றையும் வைத்திருக்கவில்லை. முழுக்கணக்கையும் எடுத்துப் பார்ப்போம். நம்முடையதையும் சேர்த்துத்தான்.

யாரையும் கேட்காமல் வந்த போர்

1939 செப்டம்பர் 3. பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். மத்திய சட்டசபையைக் கேட்கவில்லை. மாகாண அரசுகளைக் கேட்கவில்லை. ஒரு தலைவரையும் கூப்பிட்டுப் பேசவில்லை. ஏறத்தாழ 40 கோடி மக்களை ஒரு மனிதரின் கையெழுத்து போருக்குள் தள்ளிவிட்டது.

இதைக் காங்கிரஸ் கண்டித்தது. கண்டித்தது நியாயம். எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரில் எப்படிப் போர் தொடுக்கலாம் என்ற கேள்வியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 'எங்களை' என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள்? 1935 சட்டத்தின்படி மாகாணத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை மொத்த மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தது. சொத்து, வரி, படிப்பு இவற்றை வைத்துத்தான் ஓட்டு. நிலமில்லாத பண்ணையாளுக்கும் உப்பளத்தில் கால் வெடிக்க நடந்த பெண்ணுக்கும் அதில் இடம் எங்கே? வைஸ்ராய் காங்கிரசைக் கேட்கவில்லை. சேரியை வைஸ்ராயும் கேட்கவில்லை, காங்கிரசும் கேட்கவில்லை.

ஒரே கட்சி, பல நிலைப்பாடு

போர் விஷயத்தில் காங்கிரசின் நிலைப்பாடு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்று பாருங்கள்.

1918-ல், முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில், காந்தியார் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து பிரிட்டிஷ் படைக்கு ஆள் திரட்டினார். அகிம்சை பேசிய அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது.

1939 அக்டோபர் இறுதியில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. காங்கிரஸ் ஆண்ட மற்ற மாகாணங்களிலும் அடுத்தடுத்து ராஜினாமா. மக்களைக் கேட்காமல் போரா என்று கேட்டு வெளியேறிய அந்த ராஜாஜி அரசு, அதற்கு முந்தைய ஆண்டு மக்களைக் கேட்டா பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது? எதிர்த்தவர்கள் மீது வெள்ளையர் கொண்டுவந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தையே ஏவியது. காங்கிரஸ்காரர்களை உள்ளே தள்ளியபோது அடக்குமுறைச் சட்டம், தாங்கள் ஆட்சிக்கு வந்தபிறகு ஒழுங்கு காக்கும் சட்டம். அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட தலித் இளைஞர் நடராசன் 1939 ஜனவரியில் கைதியாகவே உயிரிழந்தார். தாளமுத்து அடுத்த சில வாரங்களில் இறந்தார்.

1940 ஜூலையில் பூனாவில் கூடிய காங்கிரஸ், தேசிய அரசு அமைக்க ஒப்புக்கொண்டால் போருக்கு ஒத்துழைக்கத் தயார் என்றது. காந்தியாரின் அகிம்சை அந்த நேரத்தில் ஓரமாக வைக்கப்பட்டது. இதை முன்னின்று நடத்தியவர் ராஜாஜி. பிரிட்டன் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. போருக்கு ஆளாலும் பணத்தாலும் உதவுவது தவறு என்று முழங்கிச் சிறை சென்றார்கள். ஜூலையில் ஒத்துழைப்பு, அக்டோபரில் பாவம். நடுவில் மாறியது போரின் தன்மையா, பேரத்தின் முடிவா?

ராஜாஜியும் சிறை சென்றார். 1942 ஏப்ரலில், ஜப்பான் குண்டுகள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் விழுந்த மாதத்தில், அவர் மறுபடியும் ஒத்துழைப்பின் பக்கம் வந்தார். முஸ்லிம் லீக்குடன் சமரசம் செய்ய வேண்டும் என்றார். ஜூலையில் காங்கிரசைவிட்டே விலகினார். ஆகஸ்ட் போராட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அதாவது குலசையில் இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்தபோது, அவர்கள் மாகாணத்தின் மிகப் பெரிய காங்கிரஸ் தலைவர் அந்தப் போராட்டத்தில் இல்லை. இதற்காக ராஜாஜியைத் துரோகி என்று யாரும் பாடப்புத்தகத்தில் எழுதவில்லை. அவர் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார்.

நேரு 1942-ல் சொன்னது என்ன? ஜப்பானியருடன் சுபாஷ் சந்திர போஸ் வந்தால் அவரையும் எதிர்ப்பேன் என்றார். 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஐஎன்ஏ வீரர்கள் மீதான வழக்கில் வழக்கறிஞர் அங்கி அணிந்து அவர்களுக்காக நின்றவர்களில் அவரும் ஒருவர். தேர்தல் வந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் மட்டும் என்ன?

கம்யூனிஸ்டுகள் 1939-ல் இதை ஏகாதிபத்தியப் போர் என்றார்கள். அதற்காகச் சிறை சென்றார்கள். 1941 ஜூன் 22-ல் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கியதும் அதே போர் மக்கள் யுத்தம் ஆனது. 1942 ஜூலையில் கட்சி மீதான தடை நீங்கியது. ஆகஸ்ட் போராட்டத்தில் அவர்கள் சேரவில்லை.

பெரியார் தலைமையில் இருந்த நீதிக்கட்சி போர் முயற்சியை ஆதரித்தது. காங்கிரஸ் அமைச்சரவைகள் போனதற்காக 1939 டிசம்பர் 22-ல் ஜின்னா அழைத்த விடுதலை நாளைப் பெரியாரும் அம்பேத்கரும் ஆதரித்தார்கள். முஸ்லிம் லீக் ஆகஸ்ட் போராட்டத்திலிருந்து ஒதுங்கி நின்றது.

இனி, நம்மிடம் கேள்வி கேட்பவர்களுக்கு மிகவும் பிடித்த முகாமுக்கு வருவோம். சாவர்க்கரின் இந்து மகாசபை, இந்துக்கள் பெருமளவில் பிரிட்டிஷ் படையில் சேர வேண்டும் என்று பிரச்சாரம் செய்தது. காங்கிரஸ் வெளியேறச் சொன்னபோது, பதவியில் இருக்கும் மகாசபையினர் பதவியிலேயே இருக்கட்டும் என்றார் சாவர்க்கர். வங்காளத்தில் பஸ்லுல் ஹக் அமைச்சரவையில் சியாமா பிரசாத் முகர்ஜி நிதி அமைச்சர். 1942 ஆகஸ்டில் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார். சிந்து, வடமேற்கு எல்லை மாகாணங்களில் மகாசபை முஸ்லிம் லீக்குடனேயே சேர்ந்து ஆட்சியில் பங்கு வகித்தது. ஆர்எஸ்எஸ் ஓர் அமைப்பாக ஆகஸ்ட் போராட்டத்தில் இறங்கவில்லை. முகர்ஜி பின்னாளில் ஜனசங்கத்தைத் தொடங்கினார். அந்த மரபில் வந்த கட்சியில்தான் ஷோரி அமைச்சரானார். அவருடைய கண்ணுக்கு அம்பேத்கரின் நாற்காலி மட்டும் தெரிந்தது.

ஆக, 1942 ஆகஸ்டில் காங்கிரசுக்கு வெளியே இருந்த ஏறத்தாழ எல்லா அரசியல் சக்திகளும் போராட்டத்துக்கு வெளியேதான் நின்றன. எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. துரோகி என்ற பட்டம் மட்டும் ஆளைப் பார்த்து, சாதியைப் பார்த்து ஒட்டப்படுகிறது.

அம்பேத்கரின் கணக்கையும் எடுப்போம்

அண்ணல் அம்பேத்கர் 1941-ல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் உறுப்பினர் ஆனார். 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அதே ஜூலையில் நாக்பூரில், நம் சென்னை மாகாணத்தின் என். சிவராஜ் தலைமையில் கூடிய மாநாட்டில்தான் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது.

அவர் ஏன் போனார்? நாஜிகள் வென்றால் உலகில் சமத்துவம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று அவர் உறுதியாக நம்பினார். 1943 புத்தாண்டு நாளில் வானொலியில் இந்தியத் தொழிலாளி இந்தப் போரில் வெல்ல ஏன் விரும்புகிறான் என்று விளக்கினார். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் ஒரு கொள்கையை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாதவர்.

இரண்டாவது காரணம் படை. அவர் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். மகர்கள் வெள்ளையர் படையில் தலைமுறைகளாக இருந்தவர்கள். 1890-களில் 'போர்க்குணமுள்ள இனம்' என்ற கொள்கையைச் சொல்லி அவர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. தமிழ்நாட்டிலும் அதே கதைதான். பறையர் உள்ளிட்ட தென்னிந்தியச் சாதிகளிலிருந்து ஆள் எடுப்பது வெகுவாகச் சுருங்கியது. முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917-ல் 111-ஆவது மகர் படை எழுப்பப்பட்டது. போர் முடிந்ததும் 1921-ல் கலைக்கப்பட்டது. இரண்டாம் போரில் அம்பேத்கரின் விடாத வற்புறுத்தலால் 1941 அக்டோபரில் மகர் ரெஜிமெண்ட் உருவானது. 1943-ல் சமார் ரெஜிமெண்ட் எழுப்பப்பட்டது. அது 1946-ல் கலைக்கப்பட்டது. சாவதற்கு ஆள் வேண்டும்போது தீட்டு இல்லை. சம்பளமும் பென்ஷனும் மரியாதையும் கொடுக்க வேண்டிய நேரத்தில் தீட்டு வந்துவிடும். இந்த விளையாட்டை அறிந்தவர் என்பதால்தான் அம்பேத்கர் பேரம் பேசினார்.

இதெல்லாம் அவர் பக்கத்து நியாயம். மறுபக்கமும் உண்டு. அவர் உட்கார்ந்திருந்த அரசுதான் 1942-ல் ஏறத்தாழ 60,000 பேரைச் சிறையில் அடைத்தது. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ ஆயிரம் பேர் சுடப்பட்டு இறந்தார்கள். 1943 பிப்ரவரியில் காந்தியார் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது கவுன்சிலிலிருந்து மோடி, சர்க்கார், ஆனே என்ற மூன்று உறுப்பினர்கள் ராஜினாமா செய்தார்கள். அம்பேத்கர் செய்யவில்லை. அதே 1943-ல், போருக்கு நிலக்கரி வேண்டும் என்று சொல்லி, சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடையை அரசு நீக்கியது. தொழிலாளர் துறை அவருடையது. சட்டசபையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவராகவும் அவரே இருந்தார். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஆதிவாசி, தலித் பெண்கள். 1946-ல்தான் தடை மீண்டும் வந்தது.

தோழர்களே, இதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கவுன்சிலில் இருந்துதான் அவர் எட்டு மணி நேர வேலைக்கும் தொழிலாளர், முதலாளி, அரசு மூவரும் உட்காரும் முத்தரப்பு மாநாட்டுக்கும் வழி செய்தார். இரண்டும் உண்மை. தலைவரைச் சாமியாக்கினால் இந்த இரண்டாவது உண்மையைச் சொல்லும் உரிமையையும் நாம் இழந்துவிடுவோம். அம்பேத்கருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லலாம். என் மக்களின் நலனும் நாட்டின் நலன் என்று சொல்லப்படுவதும் மோதினால் என் மக்களின் பக்கம் நிற்பேன் என்று 1939 அக்டோபரிலேயே பம்பாய் சட்டசபையில் அவர் வெளிப்படையாக அறிவித்துவிட்டார். யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைத்து 'நாடு' என்ற போர்வைக்குள் அவர் ஒளியவில்லை.

பழி எழுதும் ஏடு

1943 பிப்ரவரியில் வெள்ளை அரசு ஒரு நூல் வெளியிட்டது. 1942 கலவரங்களுக்குக் காங்கிரசே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். சிறையிலிருந்த காந்தியார் அதற்கு நீண்ட மறுப்பு எழுதினார். தலைவர்களை ஆகஸ்ட் 9 அதிகாலையில் ஒட்டுமொத்தமாகக் கைது செய்து மக்களைத் தூண்டியது அரசுதான், எனவே பொறுப்பு அரசுடையது என்றார். இரு பக்கமும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டது யார் பொறுப்பு என்பதைப் பற்றி. தூக்குக் கொட்டடியில் இருந்த காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் அந்த ஏட்டில் என்ன இடம்? அகிம்சை இயக்கம் அவர்கள் செய்ததை அன்று தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் தியாகிகள் ஆனார்கள். செயல் மாறவில்லை. அதற்கு அரசியல் சந்தையில் இருந்த விலை மாறிவிட்டது.

இந்த ஏடுகள் எதிலும் வராதவர்கள் இன்னும் பலர். ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் அவர்களில் ஏராளம். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பாகுபாடு நடந்ததாக அப்போதே பெரும் புகார் எழுந்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துக்கொண்டுபோய் சயாம் மரண ரயில்பாதையில் வேலை வாங்கியது ஜப்பான். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அந்தத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி நம் சேரிகளிலிருந்து போனவர்கள். 1943-ல் வங்கப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் இறந்தார்கள். நிலமில்லாத கூலிகளும் மீனவர்களுமே முதலில் விழுந்தவர்கள். இவர்களில் ஒருவர்கூடப் போர் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தீர்மானம் போட்டவர் இல்லை.

அரசு மாறிய பிறகும்

வெள்ளையன் போய்விட்டான், இனி போரை மக்கள் பிரதிநிதிகள்தானே முடிவு செய்கிறார்கள் என்று சிலர் சொல்லலாம். குலசைக் கடற்கரைக்குத் தென்கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் தீவைப் பாருங்கள்.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து அனுப்பிய படை அல்ல அது. சில மாதங்களில் அமைதிப்படை போர்ப்படை ஆனது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஈழத்தமிழ் மக்கள் எத்தனையோ பேர் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. அனுப்பிய கட்சி அவரைப் பழித்தது. அவர் அனுப்பியவர்களைப் பழித்தார்.

2009-லும் அதே நாடகம். வன்னியில் குண்டுகள் விழுந்தபோது மத்திய ஆட்சியில் காங்கிரசும் திமுகவும் பங்காளிகள். ஜனவரியில், போர் என்றால் பொதுமக்கள் சாவது தவிர்க்க முடியாதது என்ற தொனியில் பேசிய ஜெயலலிதா, தேர்தல் நெருங்கியதும் மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரலில் தனி ஈழம் அமைப்பேன் என்றார். கலைஞர் ஏப்ரல் 27-ல் கடற்கரையில் உண்ணாவிரதம் இருந்து, போர் நிறுத்தம் வந்துவிட்டது என்று சொல்லி மதிய உணவு நேரத்துக்குள் முடித்துக்கொண்டார். குண்டுகள் நிற்கவில்லை. மே 18-ல் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு தேர்தலிலும் யார் துரோகி என்ற வழக்கு மட்டும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது. முகாம்களில் இருக்கும் அகதிகளின் குடியுரிமை பற்றி அந்த மேடைகளில் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று நீங்களே கணக்கெடுங்கள்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

எல்லாரும் திருடர்கள், நாம் ஒதுங்கியிருப்போம் என்று சொல்ல இவ்வளவும் எழுதவில்லை. அப்படி ஒதுங்கினால் முடிவெடுப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபமாகிவிடும். நிலைப்பாடு மாறுவதும் தன்னளவில் குற்றம் இல்லை. நிலைமை மாறினால் மனிதன் மாறத்தான் வேண்டும். ஹிட்லர் பற்றித் தெரிந்துகொண்டு மாறியவரும் இருக்கிறார், நாற்காலி கிடைக்காமல் மாறியவரும் இருக்கிறார். இருவரையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. எதிர்க்கட்சியில் இருந்தபோது கேட்ட கேள்வியை ஆளும் கட்சியானபிறகும் அவர் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். முடிவெடுக்கும் முன் யாரிடம் கேட்டார், அந்த முடிவின் விலையை எந்தத் தெரு கொடுத்தது என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை லின்லித்கோவுக்கு வைப்பதுபோலவே ராஜாஜிக்கும் நேருவுக்கும் சாவர்க்கருக்கும் பெரியாருக்கும் அம்பேத்கருக்கும் வைப்போம். யாருக்கும் விலக்கு வேண்டாம்.

அடுத்தமுறை யாராவது உங்களிடம் "1942-ல் உங்கள் தலைவர் எங்கே இருந்தார்?" என்று கேட்டால், இருந்த இடத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏன் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். அங்கே இருந்ததால் வந்த நன்மையையும் பழியையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு அவர் தலைவர் அன்று எந்த அமைச்சரவையில் இருந்தார் என்று கேளுங்கள். கடைசியாக, அந்தப் போரில் செத்த தோட்டத் தொழிலாளிகளில் பத்துப் பேர் பெயர் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அவராலும் முடியாது, நம்மாலும் முடியாது. அந்தப் பெயர்களைத் தேடும் வேலை இன்னும் நம் முன்னால் கிடக்கிறது. உங்கள் ஊரில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்கள் இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே இப்போது வயதாகிவிட்டது. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஆண்டே போங்கள்.

ஜெய் பீம்!